தோத்தது யாரு?

"மேடம், எல்லாரும் வாழ்த்து சொல்லிட்டாங்க. நீங்க மட்டும் ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் பரஞ்சோதி படியேறி வந்தார். அறைக்குள் கால் வைத்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

இசக்கியம்மாள் மேசை மேல் இருந்த லட்டு டப்பாவைப் பார்த்தார். திறக்கவில்லை.

"தோத்தது யாரு?" என்றார்.

"என்ன மேடம்?"

"நீங்க ஜெயிச்சதா சொன்னீங்கள்லா. அப்ப தோத்தது யாரு?"

"யாரும் தோக்கல மேடம். கடைசிச் சுற்றுல ரெண்டு பேர்தான். அந்தப் பொண்ணு ரஹ்மத் நிஷா வாபஸ் வாங்கிட்டா. ஒருமனதான தேர்வு."

ஒருமனதான என்ற சொல்லை அவர் கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். அந்தச் சொல் அவருக்குப் பிடித்திருந்தது.

"அப்படியா" என்றார் இசக்கியம்மாள்.

டப்பாவைப் பரஞ்சோதி பக்கமே தள்ளி வைத்தார்.

*

குரு, சீடன் என்றதும் வெள்ளைத் தாடியும் பால்வடியும் முகமும் உங்கள் நினைவுக்கு வந்தால் அதை மாற்றிக்கொள்ளுங்கள். இங்கே சீடருக்குத்தான் நரை. குருவுக்கு அவரைவிட வயது குறைவு.

பரஞ்சோதி ஒரு கல்லூரியில் அரசறிவியல் சொல்லிக்கொடுக்கும் கௌரவ விரிவுரையாளர். அந்த வேலையில் கௌரவம் பெயரில் மட்டும்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஜூன் மாதமும் வேலை உண்டா, இல்லையா என்று காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்த வருடங்களில்தான் பகுதி நேரமாக ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கினார். அவருக்கு நெறியாளர் இசக்கியம்மாள்.

இவர் அவரை மேடம் என்பார். அவர் இவரை சார் என்பார். சண்டை வந்தால் இருவருமே விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

நிரந்தர வேலைக்கு அடுத்த மாதம் நேர்காணல். வயது வரம்புப்படி பரஞ்சோதிக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. தென்பாண்டி அரசறிவியல் பேரவையின் சிறந்த ஆய்வேடு விருது கையில் இருந்தால், நேர்காணலில் அதற்குத் தனி மதிப்பெண் உண்டு. அந்த மதிப்பெண் இல்லாமல் அவருக்கு வேலை கிடைப்பது கஷ்டம். அதனால் இந்த விருது அவருக்கு வெறும் பொன்னாடை விவகாரம் இல்லை.

அவர் ஆராய்ந்த விஷயம் என்ன தெரியுமா? ஊராட்சித் தேர்தலில் போட்டியின்றி ஜெயித்தவர்கள்.

சிரிக்காதீர்கள். கதை இனிமேல்தான்.

*

மறுநாளும் வந்தார்.

"எனக்குத் தகுதி இல்லைன்னு நினைக்கிறீங்களா மேடம்?"

"உங்க ஆய்வேட்டை எழுத்தெழுத்தா படிச்சவ நான். தகுதி இருக்குன்னு எனக்குத் தெரியும்."

"பின்ன என்ன?"

"அவங்களுக்குத் தெரியுமா? யாராவது படிச்சாங்களா?"

பரஞ்சோதி யோசித்தார். "நேரம் இருந்திருக்காது. வெள்ளி விழா வேலை தலைக்கு மேல. தலைவர் கோதண்டபாணி சார்தான் ரெண்டு பக்கமும் பேசி முடிச்சார். வெள்ளி விழா வருஷம், போட்டி கீட்டின்னு மனஸ்தாபம் வேண்டாம், ஒத்துமையா ஒருத்தருக்குக் குடுத்துருவோம், அந்தப் பொண்ணு சின்ன வயசு, அடுத்து பாத்துக்கலாம்னார்."

"ஒத்துமையா."

"ஆமா மேடம்."

"சடையம்மா எப்படி இருக்காங்க?"

பரஞ்சோதிக்கு எரிச்சல் வந்தது. விருதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது யாரோ ஒரு கிராமத்துப் பெண்ணின் சௌக்கியம் எதற்கு?

"நல்லா இருப்பாங்க" என்றார்.

"எனக்கு கிளாஸ் இருக்கு சார்" என்று இசக்கியம்மாள் எழுந்துவிட்டார்.

*

சடையம்மாள் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

சில ஊர்களில் தேர்தலுக்கு முன்பே தேர்தல் முடிந்துவிடும். ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு பெயரைச் சொல்வார்கள். ஊர் ஒற்றுமைக்காக மற்றவர்கள் மனுவை வாபஸ் வாங்குவார்கள். ஜெயித்தவருக்கு மாலை விழும், படம் பேப்பரில் வரும். ஆராய்ச்சிக்காரர்களும் அந்த மாலை போட்டவரைத்தான் போய்ப் பார்ப்பார்கள்.

பரஞ்சோதி வாபஸ் வாங்கியவர்களைப் போய்ப் பார்த்தார். பஸ் போகாத ஊருக்கெல்லாம் நடந்தார். அது அவருடைய பெருமை. அந்தப் பெருமையில் தப்பே இல்லை.

அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர், மனு போட்டிருந்த சடையம்மாள். கோயில் முன்னால் ஊர் கூடியிருக்கிறது. பெரியவர் ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டு, மறுப்பு இருக்கிறவங்க கையைத் தூக்கலாம் என்றிருக்கிறார்.

"தூக்கணும்னுதான் சார் இருந்துச்சு" என்றார் சடையம்மாள். "சுத்திப் பாத்தேன். எல்லாரும் தரையப் பாத்துக்கிட்டு இருந்தாவ. ஒத்தக் கை தெரிஞ்சிருந்தா போதும், நானும் தூக்கியிருப்பேன்."

அதை அப்படியே ஆய்வேட்டில் போட்டு, கீழே பரஞ்சோதி ஒரு வரி எழுதினார்.

'சடையம்மாள் வாபஸ் வாங்கவில்லை. வாங்க வைக்கப்பட்டார்.'

வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பேராசிரியர் அந்த வரியில் விரல் வைத்தார். இது ஆராய்ச்சி இல்லை, அரசியல், எடுத்துவிடுங்கள் என்றார்.

"அந்த வரி போனா எனக்குப் பட்டமே வேண்டாம் சார்."

சொன்னது பரஞ்சோதிதான். வேட்டியும் சட்டையும் வியர்வையில் நனைந்திருந்தன. ஆனாலும் சொன்னார். அந்த வரி இன்றைக்கும் அங்கே இருக்கிறது.

அன்றைக்கு அவர் வாங்கி வந்த லட்டில் இசக்கியம்மாள் இரண்டை எடுத்துத் தின்றார். லட்டு என்றால் அவருக்கு உயிர்.

அந்த மனுஷர்தான் இப்போது டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து, மேடம் ஏன் தின்னவில்லை என்று தெரியாமல் விழிக்கிறார். உங்களுக்கும் எனக்கும் புரிகிறது. அவருக்குப் புரியவில்லை. கழுத்தில் மாலை விழும் நேரத்தில் கண் கொஞ்சம் மறைக்கத்தான் செய்யும்.

*

"விழாவுக்காவது வருவீங்களா மேடம்?"

"பேரவைல நானும் உறுப்பினர்தானே. வருவேன்."

"ரெண்டு வார்த்தை பேசுவீங்களா?"

"ஒரு வார்த்தை போதும்னு நினைக்கேன்."

அதைக் கேட்டு பரஞ்சோதிக்கு மனது குளிர்ந்துவிட்டது.

*

பேரவையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே இருக்கிற அத்தனை பேரும் தேர்தலைப் பற்றிப் படித்தவர்கள், பாடம் நடத்துகிறவர்கள், கட்டுரை எழுதுகிறவர்கள். தங்களுக்குள் ஒரு தேர்தல் நடத்தியதில்லை. கோதண்டபாணி ஒவ்வொரு முறையும் ஒருமனதாகவே தலைவர் ஆவார். நல்ல மனிதர். யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் முதல் ஆளாக நிற்பார். சண்டை என்றால் அவருக்கு ஆகாது.

பேரவையின் விதிகளில் ஒன்று இப்படி இருந்தது: விருதுக்குரியவரின் பெயரைப் படித்ததும் ஆட்சேபணை உண்டா என்று கேட்க வேண்டும். ஓர் உறுப்பினர் ஆட்சேபித்தாலும் கடைசிச் சுற்று ஆய்வாளர்கள் அவையில் பேச வேண்டும், உறுப்பினர்கள் வாக்களிக்க வேண்டும். யாரோ ஒரு காலத்தில் ஆர்வத்தில் எழுதி வைத்தது. இதுவரை அதற்கு வேலை வந்ததில்லை.

மேடையில் பரஞ்சோதி உட்கார்ந்திருந்தார். புது வேட்டி கட்டியிருந்தார். முன்வரிசையில் அவர் மனைவி செல்போனைப் படமெடுக்கத் தயாராகப் பிடித்திருந்தார்.

கோதண்டபாணி பெயரைப் படித்தார்.

"ஒருமனதாகத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். ஆட்சேபணை உள்ளவர்கள் கை தூக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே பொன்னாடையைப் பிரித்தார்.

இசக்கியம்மாள் கையைத் தூக்கினார்.

கோதண்டபாணிக்கு முதலில் விளங்கவில்லை. "என்ன மேடம், ஃபேன் போடணுமா?"

"ஃபேன் ஓடுது சார். ஆட்சேபணை."

"நீங்க அவரோட கைடுதானே?"

"ஆமா."

"பின்ன என்ன ஆட்சேபணை?"

"நீங்க கேட்டீங்க. நான் தூக்கினேன்."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

பரஞ்சோதிக்கு முகம் காந்தியது. இத்தனை வருடம் மேடம், மேடம் என்று கூப்பிட்ட வாய்க்குள் முதல் தடவையாக ஒரு 'அவள்' வந்தது. அவளுக்கு நிரந்தர வேலை இருக்கிறது. அவளுக்கு என்ன தெரியும்? என் சோற்றில் மண்ணைப் போடத்தான் இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தாளா?

கை இறங்கவில்லை.

"மேடம், கையக் கீழ போடுங்க, தனியா பேசிக்கலாம்" என்றார் கோதண்டபாணி.

அப்போது கடைசி வரிசையில் இன்னொரு கை எழுந்தது. ரஹ்மத் நிஷா. கூட்டம் சேர்க்க அவருடைய துறையிலிருந்து எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார்கள். அதனால் வந்திருந்தார்.

கோதண்டபாணிக்கு அழாத குறை. "நீதான் வாபஸ் வாங்கிட்டியேம்மா!"

"நான் வாங்கல சார்" என்றார் நிஷா. "வாங்க வச்சீங்க."

*

அந்த வரியை பரஞ்சோதி எங்கே கேட்டாலும் அடையாளம் கண்டுபிடிப்பார். அவர் எழுதியது அது.

நிஷாவைப் பார்த்தார். பிறகு இசக்கியம்மாளைப் பார்த்தார். அவர் கை இன்னும் மேலேயே இருந்தது. வலித்திருக்க வேண்டும், இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தார்.

ஒத்தக் கை.

பரஞ்சோதிக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஒரு நொடி அவர் கண்ணில் வந்து போனார்கள். பெயரைச் சொன்ன பெரியவரின் முகம் மட்டும் தெரியவில்லை. மாலை போட்டிருந்தவரின் முகம் தெரிந்தது. அது அவருடைய முகமாக இருந்தது.

எழுந்து மைக்கிடம் போனார்.

"மன்னிக்கணும். எனக்கு இந்த விருது வேண்டாம். என் ஆய்வேட்டை நான் வாபஸ்..."

"சார்!"

இசக்கியம்மாள் கத்திய கத்தலில் மைக்கே கீச்சிட்டது.

"இன்னொரு வாபஸா?"

*

யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். பரஞ்சோதி சிரிக்கவில்லை. சொல்ல வந்த சொல்லைப் பாதியில் விழுங்கிக்கொண்டு நின்றார்.

கோதண்டபாணி அருகே வந்து காதோடு சொன்னார். "பரஞ்சோதி, நல்லதுக்குச் சொல்றேன். பேசாம உக்காருங்க. நான் சமாளிச்சுடறேன். ஓட்டுன்னு போனா என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்? அந்தப் பொண்ணு பேச்சுல கெட்டி. அடுத்த மாசம் நேர்காணல் இருக்குல்ல?"

இருக்கிறது. பரஞ்சோதி மனைவியைப் பார்த்தார். அவர் செல்போனைக் கீழே இறக்கியிருந்தார். இனி ஒரு ஜூன், அதற்குப் பிறகு இன்னொரு ஜூன், கல்லூரி வாசலில் தன் பெயர் ஒட்டியிருக்கிறதா என்று தேடுவது எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தது. பயமாக இருந்தது. அந்தப் பயம் போகிறவரை காத்திருந்தால் விடிந்துவிடும் என்று தோன்றியது. பயத்தோடேயே மைக்கைப் பிடித்தார்.

"நான் நிக்கிறேன்" என்றார்.

"நின்னுக்கிட்டுத்தானே இருக்கீங்க" என்று முன்வரிசையில் ஒருவர் கிண்டல் செய்தார்.

"விருதுக்கு நிக்கிறேன். அந்தப் பொண்ணும் நிக்கட்டும். விதியில இருக்கு. ஓட்டுப் போடுங்க."

"நம்ம பேரவைல அது வழக்கம் இல்லையே" என்றார் கோதண்டபாணி பரிதாபமாக.

"வேலாங்குடிலயும் இதையேதான் சொன்னாங்க சார்" என்றார் பரஞ்சோதி.

அது சடையம்மாளின் ஊர். ஆய்வேட்டைப் படித்திருந்தால் கோதண்டபாணிக்குத் தெரிந்திருக்கும்.

*

ஓட்டுச்சீட்டு எப்படி அடிப்பது என்று தேர்தலைப் பற்றிப் புத்தகம் போட்டவர்களுக்கே தெரியவில்லை. அழைப்பிதழைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதினார்கள். நினைவுப் பரிசு வந்த அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு வைத்தார்கள். எங்கே மறைவாக எழுதுவது என்று ஒரு தகராறு வந்தது. கடைசியில் மேடைத் திரைக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் போனார்கள். வெகுநாளைக்குப் பிறகு அந்த மண்டபத்தில் யாரும் தூங்கவில்லை.

முதலில் பரஞ்சோதி பேசினார். சடையம்மாளைப் பற்றிப் பேசினார். நன்றாகவே பேசினார்.

அடுத்து நிஷா. நகரத்து வார்டு கூட்டங்களில் பெண்கள் எழுந்து என்னென்ன கேட்கிறார்கள், கூட்டக் குறிப்பில் அதில் எதை எழுதுகிறார்கள் என்பது அவருடைய ஆய்வு. ஒரு பெண் தெருவிளக்கு கேட்டிருக்கிறார். 'மாதர் தரப்பில் நன்றி தெரிவிக்கப்பட்டது' என்று குறிப்பில் இருந்தது. மண்டபம் சிரித்தது. நிஷா சிரிக்கவில்லை. "அந்தத் தெருவுல இன்னும் இருட்டுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனார்.

பாதியிலேயே பரஞ்சோதிக்குத் தெரிந்துவிட்டது. இந்த ஆய்வேட்டை நாம் முன்பே படித்திருக்க வேண்டும் என்று நினைத்தார். தோற்கப் போகிறோம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த நெஞ்சோடேயே, "அடடா, என்ன வேலை செஞ்சிருக்கா இந்தப் பொண்ணு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

எண்ணினார்கள். கொஞ்ச ஓட்டு வித்தியாசம்தான்.

நிஷா ஜெயித்தார்.

பொன்னாடையைப் போர்த்திவிட்டு வந்த கோதண்டபாணிக்கு மனது கேட்கவில்லை. உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார். "கைக்கு வந்ததை இப்படித் தட்டி விட்டுட்டீங்களே. இனி நேர்காணல்ல விருதுன்னு எதைக் காட்டுவீங்க?"

"தோத்ததைக் காட்டுவேன் சார்."

"அதுக்கு மார்க் கிடையாது."

"போடாட்டி போகட்டும். நம்ம பேரவைலயே ஓட்டுக்கு நின்னு தோத்தவன் நான் ஒருத்தன்தான். உங்களால அதைச் சொல்லிக்க முடியுமா?"

கோதண்டபாணி சால்வைகளை எண்ணப் போய்விட்டார்.

*

மறுநாள் பரஞ்சோதி படியேறினார். வழியில் அதே கடையில் நின்று அதே லட்டை வாங்கியிருந்தார். என்ன விசேஷம் சார் என்று கடைக்காரர் கேட்டதற்கு, தோத்துட்டேன் என்றார். கடைக்காரர் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்து வாழ்த்து சொன்னார்.

இசக்கியம்மாள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். வலது தோளை அடிக்கடி நீவிவிட்டுக்கொண்டார்.

"மேடம், நீங்க யாருக்கு ஓட்டுப் போட்டீங்க?"

"ரகசிய வாக்கெடுப்பு சார்."

பரஞ்சோதி டப்பாவை மேசை மேல் வைத்தார்.

இசக்கியம்மாள் பேனாவை மூடினார். மண்டபத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவர்தான். இருந்தாலும் கேட்டார்.

"தோத்தது யாரு?"

"நான்தான் மேடம்."

இசக்கியம்மாள் டப்பாவைத் திறந்து இரண்டு லட்டு எடுத்துக்கொண்டார்.